மாரிகாலத் துறைமுகத் தூண்டில்: இரையும் கருவியும் தெரிவு செய்தல்

பெரும்போக நெல் விதைத்து, முதற் களையெடுப்பும் பசளையிடலும் நிறைவேறிய பின்னர், திருகோணமலை மாவட்டத்துக் கமக்காரருக்கு மார்கழி, தை மாதங்களில் மாலை வேளைகளிற் சிறிது ஓய்வு கிடைக்கின்றது. வீட்டிற் காசு அருகியிருக்கும் காலமும் அதுவே. நெல் அறுவடையாகிக் கைக்கு வரப் பெப்ரவரி, மார்ச்சு மாதங்கள் ஆகும். வாடைக்காற்றினாற் கிழக்குக் கடல் கொந்தளிப்பதும் இக்காலத்திலேதான். வள்ளங்கள் பல கரையேற்றப்படுகின்றன; கடற்றொழிலாளர் குடும்பங்கள் சில மேற்குக் கரைக்கு இடம்பெயர்ந்து செல்கின்றன. ஆகவே, கறிக்கு மீன் மிக வேண்டப்படும் நாளில் அதன் விலை மிக உயர்ந்து நிற்கின்றது.

தம்பலகாமம், கிண்ணியா, மூதூர்ப் பகுதிகளிலுள்ள கமக்காரர் பலர் இக்குறையைத் தீர்க்கத் தூண்டிலுடன் துறைமுகக் கரைக்குச் செல்வது வழக்கம். வெளிக்கடல் கொந்தளிக்கும் நாளிலும் உட்துறைமுகம் பெரும்பாலும் அமைதியாகவே இருக்கும். முனைகளும் குன்றுகளும் அதனைச் சூழ்ந்து காற்றைத் தடுக்கின்றன. ஆயினும் கரைக்குச் சென்றவருட் பலர் வெறுங்கையுடன் திரும்புகின்றனர். மீன் இல்லாமை இதற்குக் காரணமன்று. சித்திரை, வைகாசியிற் பயன்பட்ட அதே நூலையும், அதே முள்ளையும், அதே இரையையும் மார்கழியிலும் கொண்டு செல்வதே காரணம். மாரியில் இரையையும் கருவியையும் தெரிவு செய்யுமுன் நீரைப் பார்த்தல் வேண்டும். மீனைப் பற்றி எண்ணுவது அதன் பின்னரேயாம்.

நீரின் நிலை

குளிர்நாட்டாரின் மீன்பிடி நூல்களில், மாரியில் நீர் குளிர்ந்து மீன் மந்தமடையும் என்றும், அதனாற் சிறிய இரையை மெல்ல அசைத்தல் வேண்டும் என்றும் எழுதப்பட்டிருக்கும். அவ்வறிவுரை அந்நாடுகளுக்குப் பொருந்தும். எமது கிழக்குக் கரையிலோ தை மாதத்திலும் கடல்நீரின் வெப்பநிலை ஏறத்தாழ 26 பாகை சதமளவில் இருக்கும். வைகாசி மாதத்து நீரிலும் இது இரண்டு மூன்று பாகையே குறைவு. இவ்வளவு வேறுபாட்டினால் எமது மீன்கள் இரை எடுப்பதை நிறுத்திவிடுவதில்லை. எமது மாரியை மாரியாக்குவது குளிரன்று, மழைவெள்ளமேயாகும்.

இம்மாவட்டத்து ஆண்டு மழையின் பெரும்பங்கு ஒக்டோபர் தொடக்கம் சனவரி வரை பெய்கின்றது. மகாவலி கங்கை மூதூருக்கு அண்மையிற் கொட்டியாரக்குடாவில் விழுகின்றது. கந்தளாய்ப் பக்கத்து வயல்நீரும் காட்டாறுகளும் தம்பலகாமக்குடாவை அடைந்து, கிண்ணியாவினூடாகக் கடலுடன் கலக்கின்றன. இந்நீர் கடல்நீருடன் உடனே ஒன்றாவதில்லை. விதைநெல்லை உப்புநீரிலிட்டுத் தெரிவு செய்யும் கமக்காரருக்கு இதற்கான காரணத்தை விளக்குதல் எளிது. நன்னீரில் அமிழும் முட்டை, போதிய உப்புக் கரைந்த நீரில் மிதக்கின்றது; உப்புநீர் பாரமானது என்பதை அதனாற் கண்டுகொள்கின்றோம். ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. ஆகவே கலங்கிய மழைவெள்ளம், பாலின் மேல் ஆடை படிவதுபோற் கடல்நீரின் மேற் பரந்து நிற்க, உவர்நீர் அதன் கீழே தெளிவாய்க் கிடக்கின்றது.

பெருமழையின் பின் இரண்டு மூன்று நாட்களுக்குத் துறைமுகத்தின் ஓரங்களில் மேல்நீர் செந்நிறமாய் இருப்பதைக் கண்டு, மீன் எல்லாம் ஓடிவிட்டதென்று பலர் திரும்பிவிடுவர். மீன் ஓடவில்லை, உவர்ப்பை நாடிக் கீழிறங்கியுள்ளது. மேல்நீரில் மிதவை கட்டி இரையைத் தொங்கவிடுபவருக்கு அன்று ஒன்றும் அகப்படாது. ஈயம் கட்டி ஆழத்தில் இரையை வைப்பவருக்கு அகப்படும்.

எனவே கரைக்குச் சென்றதும் முதலிற் செய்யவேண்டியது ஒரு சிறு சோதனை. வெள்ளைப் பீங்கான் தட்டொன்றைக் கயிற்றிற் கட்டிக் கல்லொன்றையும் சேர்த்து நீரில் இறக்குக. எத்தனை அடியில் அது கண்ணுக்கு மறைகின்றதென்பதைக் கயிற்றில் அளந்து கொள்க. இரண்டடிக்குள் மறையுமாயின் மேல்நீரில் மீன் இரையைக் கண்ணாற் காண இயலாது, மணத்தினாலேயே தேடும். அன்று மணமுள்ள இரையே உதவும். ஆறடிக்கு மேலும் தட்டுத் தெரியுமாயின் உயிரிரையும் பளபளப்பான இரையும் பயன் தரும். அதே தெளிவில் தடித்த நூலை மீன் கண்டு விலகும் என்பதையும் நினைவிற் கொள்ளுக. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நாட்களே மிகுதி. அந்நாட்களில் ஒரு முள்ளில் இறாலும் மற்றொரு முள்ளிற் கணவாய்த் துண்டும் கொளுவி, எதை மீன் முதலில் எடுக்கின்றதென்று பார்த்து அதனையே தொடர்வது சிறந்தது.

கடற்பெருக்கும் வற்றும் எமது கரையிற் சிறியவை. அமாவாசை, பூரணை நாட்களிலும் ஏற்றத்தாழ்வு ஏறக்குறைய இரண்டடியே. ஆயினும் கிண்ணியா போன்ற ஒடுங்கிய வாயில்களில் அச்சிறு ஏற்றத்தாழ்வே விசையான நீரோட்டத்தை உண்டாக்கும். பெருக்குத் தொடங்கும்போது தெளிந்த உவர்நீர் உள்ளே வருகின்றது. அதனுடன் மீனும் வருகின்றது. மாரியில் ஒரு வேளை மட்டுமே செல்ல இயலுமாயின், பெருக்குத் தொடங்கி முதல் இரண்டு மணித்தியாலங்களைத் தெரிவு செய்க.

இரை

துறைமுகத்தில் எந்நாளும் தவறாத இரை இறாலே. ஏறக்குறைய எல்லா மீனும் அதை உண்ணும். உயிருடன் வைத்திருக்க இயலுமாயின் கொடுவாய்க்கும் பாரைக்கும் அதனிற் சிறந்தது வேறில்லை. உயிர் இறாலைக் கொளுவும்போது தலைமுள்ளுக்குக் கீழே, ஓட்டினூடாகத் தெரியும் கரும்புள்ளியைத் தீண்டாது முள்ளைச் செலுத்துக. அப்புள்ளியைத் துளைத்தால் இறால் உடனே இறக்கும். வாற்பகுதியின் கடைசிக் கணுவிற் கொளுவுதலும் நன்று. செத்த இறாலாயின் ஓட்டை உரித்து, வளைவுக்கு இசைய முள்ளிற் கோத்து, முள்ளின் நுனி வெளியே தெரிய விடுதல் வேண்டும். இரையினுள் நுனியை மறைத்து வைப்பது பரவலாகக் காணப்படும் தவறு. நுனி மறைந்தால் மீன் இரையைச் சுவைத்து முள்ளைத் தள்ளிவிடும்.

இறாலைக் கிணற்று நீரிற் கழுவுதலோ நன்னீர் வாளியில் இட்டு வைத்தலோ கூடாது. கடல் இறால் அதிற் சிறிது நேரத்திற் சாகும். கடல்நீரில் நனைத்த சாக்குத் துண்டில் ஈரத்துடன் சுற்றி நிழலில் வைத்தால், வாளியில் நெருக்கமாய் இட்டதை விட நெடுநேரம் உயிருடன் இருக்கும்.

கமக்காரர் மிகக் கவனிக்கவேண்டிய ஒரு விடயம் இங்கு உண்டு. பூச்சிநாசினி கலந்த வாளியையோ, தெளிகருவியின் தாங்கியையோ, வெற்றுப் போத்தலையோ எத்தனை முறை கழுவியிருப்பினும் இரைப் பாத்திரமாகப் பயன்படுத்தற்க. இறால், நண்டு முதலியவை பூச்சியினத்துக்கு உறவானவை. பூச்சியைக் கொல்லும் நஞ்சு மிகச் சிறிய அளவிலும் இவற்றைக் கொல்லும். மருந்தடித்த வயலின் வாய்க்காலிற் பிடித்த சிறுமீனையும் கூனியையும் இரையாகக் கொள்ளுதலும் தகாது. அவ்விரையை விழுங்கிய மீனே உங்கள் சட்டிக்கு வருகின்றது. இரைக்கெனத் தனி வாளி ஒன்றை வைத்து, அதற்கு வேறு நிறம் பூசி, களஞ்சியத்திலன்றிச் சமையலறைப் பக்கமாக வைப்பது நல்ல பழக்கம்.

கணவாய், நீர் கலங்கிய நாட்களின் இரை. தசை உறுதியானதாகையாற் சிறுமீன் கொத்தினும் முள்ளை விட்டுக் கழலாது. அரை அங்குல அகலமும் மூன்று அங்குல நீளமுமாகக் கீறி, ஒரு நுனியில் மட்டும் ஒரு முறை கொளுவுக. மறுநுனி நீரோட்டத்தில் ஆடுதல் வேண்டும். பலமுறை சுருட்டிக் கோத்த கணவாய் ஒரு கட்டியாகக் கிடக்கும். அதை மீன் பொருட்படுத்தாது. விளைமீனும் கலவாயும் இதனை விரும்பி எடுக்கும்.

சாளை, சூடை முதலிய எண்ணெய் மீன்கள் மணத்தில் முதன்மையானவை. ஆயின் தசை மென்மையானது, நீரில் ஊறிக் கழலும். முதல்நாள் மாலை இரண்டாகப் பிளந்து, கல்லுப்பைத் தாராளமாகத் தூவி அடுக்கி வைத்தால், மறுநாள் நீர் வடிந்து தசை இறுகியிருக்கும். இவ்வாறு உப்பிட்டது மழைநாளில் பழுதடையாது பல நாட்கள் நிற்கும். மீன் மலிந்த நாளில் இரைக்கெனச் சிறிது வாங்கி உப்பிட்டு வைப்பவருக்கு மார்கழியில் இரைச் செலவு மிகக் குறைவு.

கமக்காரர் முதலில் எண்ணுவது மண்புழுவையே, ஏனெனில் அது மரக்கறிப் பாத்தியில் இலவசமாய்க் கிடைக்கின்றது. வாய்க்காலுக்கும் குளத்துக்கும் அது சிறந்த இரை. உவர்நீரிலோ விரைவில் வெளுத்துத் துவண்டுவிடும். வெள்ளநீர் கலக்கும் ஆற்றுவாயிலில், சில நிமிடங்களுக்கு ஒருமுறை புதுப்புழு மாற்றுவதாயின் கெளிறு பிடிக்க உதவும். மற்றைய இடங்களில் அதைப் பாத்தியிலேயே விட்டுவைத்தல் பயிருக்கு நன்று.

மடவையும் ஓராவும் வேறு வகையின. மடவை சேற்றிலுள்ள நுண்பொருள்களை உண்பது. பாண் பிசைந்த உருண்டையைச் சிறு முள்ளில் வைத்தால் எடுக்கும். ஓரா பாசி தின்பது. கல்லில் வளரும் பச்சைப் பாசியையே முள்ளிற் சுற்றி இடுவர். இவ்விரண்டுக்கும் மழைவெள்ளம் தெளிந்த நாட்களையே தெரிவு செய்தல் வேண்டும்.

முள்ளும் நூலும் ஈயமும்

கடைகளிற் கமக்காரருக்குப் பெரும்பாலும் தடித்த தங்கூசியும் பெரிய முள்ளும் கொடுக்கப்படுகின்றன. தடித்தது நெடுநாள் உழைக்கும் என்று வாங்குபவரும் எண்ணுகின்றனர். கயிற்றுக்கு இக்கணக்குச் சரி, தூண்டிலுக்குச் சரியன்று. தடித்த நூல் நீரோட்டத்தால் அதிகம் தள்ளப்படும்; அதை ஆழத்தில் நிறுத்தக் கூடிய ஈயம் வேண்டும்; ஈயம் கூடினால் மீன் கடிப்பது கைக்குத் தெரியாது. துறைமுகத்துக் கைத்தூண்டிலுக்கு 0.50 மில்லிமீற்றர் விட்டமுள்ள தங்கூசி போதும். மூங்கிற்கோலில் மடவை, ஓரா பிடிக்க 0.30 அல்லது 0.35 மில்லிமீற்றர் போதும். கொடுவாய்க்கு மட்டும் முள்ளுக்கு மேலே இரண்டடி நீளத்துக்கு 0.70 மில்லிமீற்றர் நூலை இணைத்தல் வேண்டும். அதன் செவுள்மூடியின் ஓரம் கத்திபோற் கூர்மையானது; மெல்லிய நூலை அறுத்துவிடும். சீலாவின் பல்லுக்குத் தங்கூசி எதுவும் நில்லாது. ஓர் அடி மெல்லிய உருக்குக் கம்பி வேண்டும்.

தங்கூசி நீரில் நனைந்தால் அதன் வலிமையிற் சிறு பகுதி குறையும். சாதாரண ஒற்றை முடிச்சிட்டால் ஏறக்குறைய பாதி வலிமை போய்விடும். நூல் அறுந்தது என்று கூறப்படுவனவற்றுட் பெரும்பாலானவை முடிச்சில் அறுந்தவையே. முள்ளின் கண்ணினூடாக நூலைச் செலுத்தி, அதே நூலின் மேல் ஐந்து ஆறு முறை சுற்றி, கண்ணுக்கருகிலுள்ள சிறு வளையத்தினூடாக நுனியை எடுத்து, உமிழ்நீரால் நனைத்து மெதுவாக இறுக்குக. நனைக்காது இறுக்கினால் உராய்வின் வெப்பத்தினாலேயே தங்கூசி நலிவடையும்.

முள்ளின் இலக்கம் பலரை மயக்குகின்றது. 1 என்பதிலிருந்து 2, 4, 6, 8 என இலக்கம் கூடக் கூட முள் சிறிதாகும். இலக்கத்தின் பின் சாய்கோடும் சுழியமும் இருப்பின் எதிர்மாறாக, 1/0, 2/0, 3/0 என முள் பெரிதாகிச் செல்லும். மடவைக்கும் ஓராவுக்கும் 8 அல்லது 10. விளைமீனுக்கும் சிறு பாரைக்கும் 2 அல்லது 1. கொடுவாய்க்கும் கலவாய்க்கும் 2/0 அல்லது 3/0 வாங்குக. ஐயம் ஏற்படின் சிறியதையே தெரிவு செய்க. சிறு முள்ளிற் பெரிய மீனும் மாட்டும். பெரிய முள்ளிற் சிறிய மீன் ஒருபோதும் மாட்டாது. முள்ளின் கூரைச் சோதிக்க அதன் நுனியைப் பெருவிரல் நகத்தின் மேல் மெல்ல இழுத்துப் பார்க்க. வழுக்கிச் சென்றால் மழுங்கியது; நகத்திற் பற்றி நின்றால் கூரியது. மழுங்கியதைச் சிறு அரத்தினால் தீட்டலாம்.

ஈயம், இரையை அடியில் நிறுத்தப் போதிய அளவே இருத்தல் வேண்டும். அமைதியான நீரில் 30 கிராம், ஓட்டமுள்ள வாயிலில் 60 கிராம் எனத் தொடங்கி, நீரோட்டம் இழுத்துச் சென்றாற் சிறிது கூட்டுக. மாரியில் அடி பெரும்பாலும் புதுச் சேறு படிந்திருக்கும். ஆகையால் ஈயத்தை நூலின் கடைசியிற் கட்டி, அதற்கு ஒன்றரை அடி மேலே கிளைநூலில் முள்ளைத் தொங்கவிடுதல் நன்று. இரை சேற்றிற் புதையாது தெளிந்த உவர்நீரில் நிற்கும். பழைய மின்கல அடுக்குகளின் ஈயத்தை வீட்டடுப்பில் உருக்கி வார்ப்பவர் சிலர் உண்டு. அப்புகையும் தூசும், சிறப்பாகச் சிறு பிள்ளைகளுக்கு, நஞ்சாகும், அதைச் செய்யற்க. பழுதான இரும்பு நட்டுகள் இரண்டு மூன்றைக் கம்பியிற் கோத்தால் அதே வேலையைச் செய்யும். கல்லிற் சிக்கி அறுந்தாலும் இழப்பு இல்லை.

கோலும் ரீலும் வாங்க வசதியுள்ளோர் வாங்கலாம். ஆயினும் இறங்குதுறையிலும் கற்கரையிலும் பத்துப் பாகத்துக்குள்ளேயே மீன் நிற்பதால் கைத்தூண்டிலே எமது தேவைக்குப் போதுமானதென்பது எமது கருத்து. நூலைப் பலகைத் துண்டிலோ வெறும் போத்தலிலோ சுற்றிக் கொள்க. ஒருபோதும் கையிற் சுற்றற்க. பாரை இழுக்கும்போது தங்கூசி விரலை எலும்பு வரை அறுக்கும். பழைய சைக்கிள் ரியூப்பில் ஓர் அங்குலத் துண்டை வெட்டிச் சுட்டுவிரலில் மாட்டிக் கொள்வது மலிவான காப்பு.

ஊறும் உயிரும்

கெளிற்றின் முதுகிலும் செவுளின் இரு பக்கங்களிலும் உள்ள முட்களும், ஓராவின் முட்களும் நஞ்சுடையன. குத்திவிட்டால், தாங்கக்கூடிய சூடுள்ள வெந்நீரில் அவ்வுறுப்பை அரை மணித்தியாலம் அமிழ்த்தி வைத்தால் நோவு தணியும். வீக்கம் மிகுந்தால் வைத்தியசாலைக்குச் செல்க. கையில் முள் குத்திய காயத்துடன் மறுநாள் வயற்சேற்றில் இறங்குதல் ஆபத்தானது. பெரும்போகத்தில் எலிக்காய்ச்சல் பரவுவது காயத்தினூடாகவே பெரும்பாலும் நிகழ்கின்றது. காயத்தை நீர்புகாது மூடிக் கட்டுக. தடுப்பு மாத்திரை பற்றி உங்கள் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேட்டறிக.

கலங்கிய நீரில் இறால் இரையை அடிக்கடி எடுப்பது பேத்தை. அதன் ஈரலிலும் சினையிலும் தோலிலும் உள்ள நஞ்சு எவ்வளவு அவித்தாலும் அழியாது. அதற்கு மாற்று மருந்தும் இல்லை. தோலுரித்து உண்ணலாம் எனக் கூறுவோரை நம்பற்க. முள்ளை அறுத்து நீரிலே விட்டுவிடுக. நாய்க்கும் பூனைக்கும் இடுதல் கூடாது.

வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடித்தலை 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீர்வாழ் வளங்கள் சட்டம் தடை செய்கின்றது. வெடியால் மிதக்கும் மீனைப் பொறுக்கச் செல்வதும் வேண்டாம். கடற்படைத் தளத்தை அண்டிய தடுக்கப்பட்ட கரைகளை அறிந்து விலகுக. தொழிலாளர் கட்டியுள்ள வலைகளுக்கும் இறாற் கட்டுகளுக்கும் அருகில் ஈயம் எறியற்க. அவர்களுக்கு அதுவே வயல். எமது வரப்பை மற்றொருவர் மிதிப்பதை நாம் விரும்புவதில்லை.

கொட்டியாரக்குடா கிழக்கு நோக்கித் திறந்திருப்பதால், உட்துறைமுகம் அமைதியாய் இருக்கும் அதே வேளையில் மூதூர்ப் பக்கம் அலை எழும். தோணியேறிக் குடாவைக் கடந்து செல்வதை மாரியில் தவிர்த்தல் வேண்டும். 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் திகதி மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியும், 2020ஆம் ஆண்டு திசம்பர் 2ஆந் திகதி திருகோணமலைக்கு வடக்கே கரை கடந்த புரெவியும் இப்பருவத்தில் வந்தவையே. வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடல் எச்சரிக்கை வானொலியில் வந்த நாளிற் கரைக்குச் செல்லற்க.

வீடு திரும்பியதும் முள், கம்பி, சுழலி யாவற்றையும் நன்னீரிற் கழுவி, துடைத்து, தேங்காயெண்ணெய் தடவி உலர்ந்த டப்பாவில் இடுக. தங்கூசியை வெயிலில் உலர்த்தற்க. வெயில் அதனை நொய்யச் செய்யும். முள்ளுக்கு மேலுள்ள முதல் மூன்றடியை விரலிடையே தடவிப் பார்த்து, சொரசொரப்பாயின் வெட்டி எறிந்து புதிதாக முடிச்சிடுக. வெட்டிய துண்டுகளைக் கரையிலோ வயலிலோ போடாது எடுத்து வருக. மாட்டின் காலிலும் கொக்கின் காலிலும் அவை சுற்றிக் கொள்கின்றன. மீனின் குடலையும் செதிலையும் நன்னீரில் அலசி, மரக்கறிப் பாத்தியின் ஓரத்தில் ஓரடிக்குக் குறையாத ஆழத்திற் புதைத்து, மேலே சாம்பலும் மண்ணும் இட்டு மிதித்து விட்டால் நாய் கிளறாது. இரண்டு மாதத்தின் பின் அவ்விடத்திற் கத்தரியோ பூசணியோ நடலாம்.